பழைய மதராஸ் வழிகாட்டிக்கு மறுபதிப்பு: ஸ்கேன் செய்வதா, புதிதாகக் கோர்ப்பதா, அட்டையை மறுபடி வரைவதா?

வரும் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் பழைய மதராஸ் வழிகாட்டி ஒன்றை மறுபதிப்பாகக் கொண்டுவரலாம் என்று நண்பர்கள் சிலர் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். கோட்டுப் பையில் நுழைகிற புத்தகம்; கிரவுன் 1/8 என்ற நூல் அளவைவிடக் கொஞ்சம் சின்னது. உள்ளே எங்கேயும் ஆண்டு போடவில்லை. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலைப் பற்றிப் பேசுகிறது; அது ஓடத் தொடங்கியது 1931-ல். டிராம் தடங்களை வரிசையாகக் கொடுத்திருக்கிறது. டிராம் நின்றது 1953-ல். உலகப் போரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதால் 1930களின் புத்தகம் என்று எடுத்துக்கொண்டேன்.

கொண்டுவர வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி என்பதில்தான் பேச்சு நீள்கிறது. இருப்பதை அப்படியே ஸ்கேன் செய்து அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்பது ஒரு கட்சி. இன்றைய வாசகர் சிரமமில்லாமல் படிக்கும்படி புதிதாக டைப் செய்து, நல்ல எழுத்துருவில் கோர்த்து, புது அட்டையும் போட வேண்டும் என்பது இன்னொரு கட்சி. பழைய வெள்ளைக்காரர் வழிகாட்டிகள் மாதிரி சிவப்புத் துணி பைண்டிங்கில் பொன்னெழுத்து அடிக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்டையின் எழுத்தையும் படத்தையும் கையால் மறுபடி வரைய வேண்டும். உள்ளே அட்டவணை, விளம்பரம், வரைபடம் இந்த மூன்றையும் ஸ்கேனாகவே விட வேண்டும். வாசிப்பதற்கான உரைநடையை மட்டும் புதிதாகக் கோர்க்க வேண்டும். ஒரே புத்தகத்துக்குள் மூன்று விதமான வேலை என்பதால் செலவும் நேரமும் கூடத்தான் செய்யும். அப்படியும் இதையே நான் வற்புறுத்துகிறேன் என்றால், அதற்கான காரணம் புத்தகத்தின் பக்கங்களிலேயே இருக்கிறது.

ஒரு நாவலை முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படிப்போம். வழிகாட்டியை அப்படி யாரும் படிப்பதில்லை. சென்ட்ரலில் பெட்டியோடு இறங்கியவர், ஜட்கா வண்டிக்காரர் கேட்கும் கூலி சரிதானா என்று நின்றபடியே புரட்டிப் பார்ப்பதற்காக வந்த புத்தகம் இது. அச்சுக் கோர்த்தவருக்கு அது தெரிந்திருக்கிறது. அந்த அச்சகத்தில் தமிழில் தடித்த எழுத்து இருந்ததாகத் தெரியவில்லை. அதனால் இடப்பெயர்களை ஓர் அளவு பெரிய டைப்பில் இடது ஓரத்தில் நிறுத்தி, விவரத்தைச் சின்ன எழுத்தில் உள்ளே தள்ளிக் கோர்த்திருக்கிறார். கட்டணப் பட்டியலில் ரூபாய், அணா, பை மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி; நடுவில் மெல்லிய கோடு. கண்ணை ஓட்டினால் ‘எழும்பூர்’ உடனே அகப்படுகிறது. இந்த அமைப்பு கெட்டுப்போனால் தகவல் மட்டும்தான் மிஞ்சும். தகவல் இன்றைக்கு யாருக்கும் பயன்படாது. அந்த டிராமில் இனி யாரும் ஏறப்போவதில்லை.

முதலில் ஸ்கேன் கட்சியை எடுத்துக்கொள்வோம். இதன் பலம் பெரிது. எதையும் நாம் மாற்றவில்லை என்ற நிம்மதி இருக்கிறது, பிழை திருத்தும் வேலை இல்லை, சீக்கிரம் முடியும். எழுத்துப் பக்கங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுத்தால் போதும். ஆனால் தமிழ்ப் புத்தகத்தை ஸ்கேன் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பழைய தாள் பழுப்பேறி, மேலெல்லாம் பொடிப் பொடியாகக் கறை இருக்கும். அதை நீக்குவதற்கு ஸ்கேன் மென்பொருளில் ‘தூசு அகற்று’ என்று ஒரு வசதி உண்டு. அதை அழுத்தினால் தூசோடு சேர்ந்து மெய்யெழுத்தின் புள்ளியும் போய்விடும். மென்பொருளுக்கு இரண்டும் ஒரே அளவுக் கறுப்புப் பொட்டுதான். ‘மவுண்ட் ரோடு’ என்பது ‘மவுண்ட ரோடு’ ஆகி நிற்கும். ஆங்கிலத்தில் போவதென்றால் ‘ஐ’, ‘ஜே’ எழுத்துகளின் மேற்புள்ளி போகும், சமாளித்துப் படித்துவிடலாம். தமிழில் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடுகிறது. எனவே தானியங்கிச் சுத்தம் கூடவே கூடாது. பக்கம் பக்கமாகத் திரையில் பெரிதாக்கி, கறையைக் கையால்தான் அழிக்க வேண்டும். அப்புறம் ‘வேலை குறைவு’ என்ற வாதம் பாதி அடிபட்டுப் போகிறது.

புகைப்படப் பக்கங்களில் வேறு சிக்கல். அந்தக் காலத்து ஹாஃப்டோன் பிளாக் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன படம். அதை ஸ்கேன் செய்து மறுபடி ஆஃப்செட் அச்சுக்கு அனுப்பும்போது, பழைய புள்ளி வலைமேல் புதுப் புள்ளி வலை விழுகிறது. இரண்டும் இடித்துக்கொண்டு வானத்திலும் கட்டடச் சுவரிலும் அலையலையாகக் கோடு எழும்பும். ஸ்கேன் செய்யும்போதே புள்ளியைக் கரைக்கும் வசதியைப் பயன்படுத்தி, அதனால் வரும் மங்கலை ஓரளவு ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் பிரதியில் படங்கள் குறைவு என்பதால் இதை நான் பெரிய தடையாகக் கருதவில்லை.

உண்மையான தடை வேறு. முழு ஸ்கேன் பதிப்பில் குறிப்பு எழுத இடம் கிடையாது. இந்தப் புத்தகத்துக்குக் குறிப்பு இல்லாமல் முடியாது. மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் பீப்பிள்ஸ் பார்க்கில் மிருகங்களைப் பார்க்கலாம் என்கிறது வழிகாட்டி. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்தது; மிருகக்காட்சி சாலை அதே ஆண்டு வண்டலூருக்குப் போனது. இருபது வயது வாசகருக்கு இந்த வரி எதையும் காட்டாது. இன்னொன்று, புத்தகம் மியூசியத்தையும் மிருகக்காட்சி சாலையையும் முறையான பெயரில் சொல்லிவிட்டுப் போகிறது. ஊரில் அவற்றுக்கு வழங்கிய ‘செத்த காலேஜ்’, ‘உயிர் காலேஜ்’ என்ற பெயர்களை அது அச்சில் ஏற்றவில்லை. பக்க ஓரத்தில் ஒரு வரி போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதற்கு உரையைப் புதிதாகக் கோர்த்தால்தான் வழி உண்டு.

சரி, புதிதாகக் கோர்ப்பது என்று வந்தால் உடனே எழுந்து நிற்பது லை, னை பிரச்சினை. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெரியார் 1935 முதல் தம் இதழ்களில் கையாண்டு வந்த மாற்றங்களில் ஒரு பகுதி அது. ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை என்று 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் ‘லை’ எழுதும்போது ஐகாரக் குறி தனியாக நிற்காது. லகரத்தின் முன்பக்கம் யானைத் தும்பிக்கையாக வளைந்து ஒட்டிக்கொள்ளும். அம்பதைத் தாண்டிய பலருக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. பள்ளியில் அப்படித்தான் எழுதினார்கள்.

வழிகாட்டியில் இந்த எழுத்துகள் எங்கெல்லாம் வருகின்றன என்று பாருங்கள். ரயில் நேரம் முழுக்கக் ‘காலை’, ‘மாலை’. மெரினாவில் னா. சைனா பஜாரில் னா. வண்ணாரப்பேட்டையில் ணா. மயிலையில் லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சென்னையிலேயே னை இருக்கிறது. ஊர் பெயரின் கடைசி எழுத்து 1978-க்கு முன் ஒரு மாதிரி, பின் ஒரு மாதிரி. நல்ல கண் உள்ளவர் ஒரு பழைய போஸ்டரில் இந்த ஓரெழுத்தைப் பார்த்தே காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடுவார். அதனால்தான் எழுத்து வடிவத்தை நான் அலங்காரமாக எண்ணவில்லை. புத்தகத்தின் ஆண்டு உள்ளே அச்சிடப்படாத நிலையில், அதன் காலத்துக்கு எழுத்தும் ஒரு சாட்சி.

அப்படியானால் உரைநடையையும் பழைய வடிவத்திலேயே கோர்க்க வேண்டுமா? இங்கே நான் ஸ்கேன் கட்சியோடும் முழுசாகச் சேரவில்லை. யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) பழைய லைக்கும் புது லைக்கும் ஒரே குறியீடுதான். எந்த உருவத்தில் தெரிய வேண்டும் என்பதை எழுத்துரு தீர்மானிக்கிறது. நாம் தேர்ந்தெடுக்கும் எழுத்துருவில் பழைய வடிவம் இல்லாவிட்டால் அந்த 13 எழுத்துகளை வரைந்து சேர்க்க வேண்டும். அதே உரையை மின்நூலாகப் போட்டால், வாசகரின் கைபேசி தன் சொந்த எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். பழைய வடிவம் காணாமல் போகும். இத்தனை பாடுபட்டு இளம் வாசகரைப் பக்கத்துக்குப் பக்கம் தடுமாற வைப்பதில் எனக்கு இஷ்டமில்லை. உரைநடைக்குப் புது வடிவம் போதும். அட்டவணையும் விளம்பரமும் ஸ்கேனாக இருப்பதால் பழைய லையும் னையும் புத்தகத்துக்குள் கண்முன் இருந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் எழுத்துக் கூட்டலைத் தொடக் கூடாது. ‘ரஸ்தா’வை ‘சாலை’ ஆக்குவது, ‘ஆஸ்பத்திரி’யை ‘மருத்துவமனை’ ஆக்குவது, ‘ஸ்ரீ’யை எடுத்துவிட்டுத் ‘திரு’ போடுவது, இதெல்லாம் மறுபதிப்பு வேலை ஆகாது.

டைப் செய்ய ஆள் வேண்டாம், ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓ.சி.ஆர். மென்பொருள் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய தும்பிக்கை எழுத்துகளை மென்பொருள் தடுமாறித்தான் படிக்கிறது. துணைக்காலையும் (ா) ரகரத்தையும் குழப்பும். தேய்ந்த டைப்பில் புள்ளி விழாத இடங்களைத் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம். அதன்பின் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் புரூஃபைப் பார்க்கிற பழைய முறைதான் நம்பகமானது.

எழுத்துரு எது? டைரோ தமிழ் எனக்கு மிகவும் பிடித்தது. உலோக அச்சின் மரபை அறிந்து செய்யப்பட்ட எழுத்து. நூல் பக்கத்தில் அமைதியாக உட்காருகிறது. அதில் தடித்த எழுத்து இல்லை. இடப்பெயரைத் தடித்த எழுத்தில் போட நினைப்பவருக்கு அது குறை. பழைய கம்பாசிட்டர் செய்தபடி இடப்பெயரை ஓர் அளவு பெரிதாக்கி நிறுத்த நினைக்கும் எங்களுக்குக் குறையே இல்லை. நோட்டோ செரிஃப் தமிழில் மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை எல்லா எடையும் உண்டு. அதனால் ஓரக் குறிப்புகளுக்கும் தலைப்புகளுக்கும் வசதி. ஆனால் எதை எடுத்தாலும் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உலோக எழுத்து தாளில் அழுந்தும்போது மை ஓரத்தில் கொஞ்சம் பரவும். அதனால் பழைய பக்கத்தில் எழுத்து கறுப்பாகவும் திடமாகவும் தெரிகிறது. டிஜிட்டல் எழுத்து ஆஃப்செட்டில் அந்தப் பரவல் இல்லாமல் மெலிந்து விழும். எதிரெதிர்ப் பக்கத்தில் ஒன்று ஸ்கேன், மற்றது புதிதாகக் கோர்த்தது என்று வரும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இரண்டு மூன்று அளவுகளில் கோர்த்து, புத்தகம் அச்சிடப்போகிற அதே தாளில் எடுத்து, ஸ்கேன் பக்கத்துக்கு அருகில் வைத்துப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

விளம்பரங்களை நீக்கிவிடலாமே என்ற பேச்சும் வந்தது. கூடவே கூடாது என்பது என் பதில். விளம்பரதாரர்கள் தங்கள் பிளாக்கை, அதாவது அச்சுக்கட்டையை, தாங்களே செய்து அனுப்பினார்கள். அதனால் ஒரே பக்கத்தில் நாலு விதமான எழுத்து இருக்கும்; கடிகாரக் கடை ஒரு மாதிரி, ஹோட்டல் ஒரு மாதிரி, தைலம் ஒரு மாதிரி. ஊர் அப்போது எப்படிப்பட்ட எழுத்துகளைக் கண்ணால் கண்டுகொண்டிருந்தது என்பதற்கு அந்தப் பக்கங்களைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.

இனி அட்டை. என் கவலை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

பழைய சிறுநூல்களின் உள்பக்கங்கள் எங்காவது கிடைத்துவிடும். கன்னிமாரா நூலகத்தில் தேடலாம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகத்தில் தேடலாம். மேலட்டைதான் கிடைக்காது. நூலகத்தில் மெல்லிய புத்தகங்களைக் கெட்டி பைண்டு செய்யும்போது காகித அட்டையைக் கழற்றிப் போட்டுவிடுவது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. எனவே மூல அட்டையோடு ஒரு பிரதி கையில் இருக்கும்போது அதை எப்படி மறுபடி அச்சிடுகிறோம் என்பது சாதாரண விஷயம் ஆகாது.

எங்கள் பிரதியின் அட்டை வைக்கோல் நிறத் தாள். அதன்மேல் இரண்டே மை: கருநீலம், செங்கல் சிவப்பு. மேலே பெரிதாக ‘சென்னை’. அச்சு டைப் இல்லை, ஓவியர் வரைந்த எழுத்து. நீல எழுத்து, வலப்பக்கம் கீழே சிவப்பில் நிழல். நடுவில் ஹைகோர்ட் கட்டடத்தின் கோபுரம். அதன் உச்சியில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. படத்திலும் விளக்கிலிருந்து ஒளிக்கற்றை இடப்பக்கமாக மேலே போகிறது. அடியில் சின்ன ஆங்கில எழுத்தில் ஊர் பெயரும் அணாவில் விலையும். அவை மட்டும் அச்சகத்தின் டைப்.

இந்தத் தலைப்பை உற்றுப் பார்த்தால் ஓவியர் எவ்வளவு யோசித்திருக்கிறார் என்று தெரிகிறது. ‘சென்னை’யில் னகரம் இரண்டு முறை வருகிறது. முதல் னகரத்தை ஒடுக்கமாக வரைந்து, புள்ளியை வட்டமாக வைக்காமல் ஒரு சிறு வைரமாக வைத்திருக்கிறார். இரண்டாவதை அகலமாக்கி, அதன் தும்பிக்கையை மற்ற எழுத்துகளின் தலைக்கு மேலே உயர்த்தியிருக்கிறார். கலங்கரை விளக்கத்தின் ஒளி அந்தத் தும்பிக்கையின் வளைவுக்குள் போய்த்தான் முடிகிறது. எழுத்தையும் படத்தையும் ஒரே கை, ஒரே நேரத்தில் யோசித்த அட்டை இது.

இங்கே எழுத்துரு போட்டால் என்ன ஆகும்? ஐகாரக் குறி தனியாகப் பிரிந்து இரண்டு னகரங்களுக்கு நடுவே நிற்கும். சொல்லின் அகலம் கூடும். ஒளி போய்ச் சேர இடம் இருக்காது. இரண்டு னகரமும் அச்சடித்ததுபோல் ஒன்றாக இருக்கும். அரிமா, பாலூ தம்பி, கவிவனர் என்று அட்டைக்குப் பொருத்தமான நல்ல எழுத்துருக்கள் இப்போது இருக்கின்றன. அவற்றின் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. புது நூலுக்குத் தாராளமாக எடுக்கலாம். இந்த அட்டையில் அவை உட்கார இடமில்லை.

புது அட்டைக் கட்சியின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். புத்தகக் காட்சியில் நூற்றுக்கணக்கான அரங்குகள். வாசகர் நடந்துகொண்டே பார்க்கிறார். வெளிறிய வைக்கோல் அட்டை அவர் கண்ணில் விழுமா என்ற கேள்வி சரியானதே. டிராம் ஓடும் மவுண்ட் ரோடு புகைப்படத்தைப் போட்டால் உடனே கை நீளும். ஆனால் அதே மாதிரிப் புகைப்படத்தோடு பழைய சென்னையைப் பற்றிய நூல்கள் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. அரங்கில் அவற்றோடு வரிசையில் நின்றால் இதுவும் ஒன்று என்றுதான் தோன்றும். கையால் வரைந்த பெரிய தமிழ் எழுத்து வேறு எங்கும் இல்லாததால் அதுவே பார்வையை நிறுத்தும் என்று நம்புகிறேன். ஓவியர் கே.எம். ஆதிமூலம் இதழ்களுக்கும் நூல்களுக்கும் வரைந்த தலைப்பு எழுத்துகளைப் பார்த்தவர்கள், படமே இல்லாமல் எழுத்து மட்டும் ஓர் அட்டையைத் தாங்கும் என்பதை மறுக்க மாட்டார்கள்.

சிவப்புத் துணி யோசனையை நான் சட்டென்று ஒதுக்கிவிட்டேன். முரே பதிப்பகத்தின் பயண வழிகாட்டிகள் சிவப்புத் துணியிலும் பொன்னெழுத்திலும் வந்தன. மதராஸ் ராஜதானியைப் பற்றி 1859-லேயே அவர்கள் ஒரு வழிகாட்டி போட்டுவிட்டார்கள். அது கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கான புத்தகம். எங்களுடையது அணாக்களில் விற்ற காகித அட்டைப் புத்தகம், வெளியூரிலிருந்து ரயிலில் வந்தவர்கள் வாங்கியது. அதற்குப் பொன்னெழுத்து போட்டால் அது வாழாத வாழ்க்கையை அதன்மேல் ஏற்றியதாகிவிடும்.

அப்படியானால் அட்டையையும் ஸ்கேன் செய்து போட்டுவிடலாமே? இந்த வாதத்தோடுதான் அதிக நேரம் போராடினேன். ஸ்கேன் அட்டையில் கறை, மடிப்பு, யாரோ பேனாவில் போட்ட கையெழுத்து எல்லாம் வரும். சிலருக்கு அது பிடிக்கும். பழமை தெரிகிறது என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைக்கு வந்த அன்று அந்த அட்டை பழசாக இல்லை. புது மையோடு பளிச்சென்றுதான் தொங்கியிருக்கும். கறையோடு அச்சிட்டால் ஓவியர் செய்ததைவிட எண்பது தொண்ணூறு ஆண்டு ஈரமும் வெயிலும் செய்ததைத்தான் காட்டுகிறோம். இன்னொரு காரணம் அச்சு நுட்பம் சார்ந்தது. மூல அட்டை ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிளாக், தனி ஓட்டம் என்று அடிக்கப்பட்டது. செங்கல் சிவப்பு என்பது அந்த நிறத்திலேயே கலந்த மை. ஸ்கேனை நாலு கலர் ஆஃப்செட்டில் விட்டால் அதே சிவப்பு மஞ்சள், மெஜந்தா, கொஞ்சம் கறுப்பு என்று புள்ளி புள்ளியாக உடையும். பெரிய நிழலில் அது தெரியாது. அடியில் இருக்கும் சின்ன விலை எழுத்தில் ஓரம் நொறுங்கிப்போவதை லென்ஸ் இல்லாமலே பார்க்கலாம்.

மறுபடி வரைவது என்று முடிவு செய்தால், யார் வரைவது? கணினியில் தானாகக் கோடு பிடிக்கும் வசதியை நம்ப வேண்டாம். மை பரவிய மேடுபள்ளம் எல்லாவற்றையும் எழுத்தின் வடிவம் என்று எண்ணி அது நகல் எடுக்கும். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன் கடைப் பலகை எழுதிய பெயின்டர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். தும்பிக்கை னை அவர்கள் கையில் இருக்கிறது. பெரிய அளவில் பென்சிலில் அவர் வரைந்து கொடுக்க, அதன்மேல் டிசைனர் கணினியில் கோடு போடுவது நல்ல ஏற்பாடு. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் இன்னும் நல்லது.

வரையும்போது வரும் பெரிய சந்தேகம் இது: எழுத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு நெளிவு ஓவியர் போட்டதா, அச்சில் விழுந்த விபத்தா? இரண்டாவது பிரதி ஒன்று கிடைத்தால் இதற்கு விடை உண்டு. இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும் நெளிவு பிளாக்கிலேயே இருந்தது. பெரும்பாலும் அதை வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் இருப்பது அந்தத் தாள் ஓடியபோது நேர்ந்தது, விட்டுவிடலாம். சிவப்பு நிழல் நீலத்தோடு சரியாகப் பொருந்தாமல் மயிரிழை விலகியிருப்பதையும் சரிசெய்துவிடுவேன். வேண்டுமென்றே விலக்கி வைத்துப் பழசு மாதிரிக் காட்டுவது எனக்குச் சம்மதமில்லை. மறுபடி வரைந்தது என்பதையும், எந்தப் பக்கங்கள் ஸ்கேன், எவை புதிதாகக் கோர்த்தவை என்பதையும் பதிப்பு விவரப் பக்கத்தில் தெளிவாக எழுதிவிட வேண்டும். மூல அட்டையின் சின்னப் புகைப்படம் ஒன்றையும், கறையோடு, அங்கேயே வைத்துவிடலாம்.

அச்சிடும் முறையில் மூன்று தெரிவுகள் உண்டு. நாலு கலர் ஆஃப்செட் பற்றி மேலே சொல்லிவிட்டேன். இரண்டே தனி மையில் ஆஃப்செட் அடிப்பது இரண்டாவது. எந்த நல்ல அச்சகத்திலும் முடியும், நிறத்தைக் கலந்து காட்டச் சொல்லி மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது ஸ்கிரீன் பிரின்டிங். கல்யாணப் பத்திரிகைத் தொழில் இருப்பதால் சென்னையில் இதற்குக் கைதேர்ந்தவர்களுக்குக் குறைவில்லை. நிற அட்டையின்மேல் மை கனமாக உட்காரும். விரலால் தடவினால் எழுத்து தெரியும். சில நூறு பிரதிகள்தான் என்றால் நான் ஸ்கிரீனுக்கே போவேன். ஆயிரத்தை நெருங்கினால் இரண்டு மை ஆஃப்செட்.

தாளுக்கு ஆண்டர்சன் தெருவில் ஒரு மாலை முழுக்கச் சுற்றலாம். பளபளக்கும் ஆர்ட் போர்டில் வைக்கோல் நிறத்தை அச்சடிப்பதற்குப் பதில், அந்த நிறத்திலேயே வரும் பூச்சில்லாத அட்டையை வாங்குவது மேல். 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) அளவில் பார்த்தால் சரியாக இருக்கும். லேமினேஷன் வேண்டாம் என்பது என் கட்சி. கையழுக்குப் படியும் என்ற எதிர்ப்பு வரும், உண்மைதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை நம் கடற்கரை ஈரத்தில் என்ன செய்கிறது என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உள்பக்கத் தாள் ஈரத்தை வாங்கி விரிகிறது, வெளிப்பக்கப் பிளாஸ்டிக் அசைவதில்லை. அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டு மேசையில் வாய் பிளந்து கிடக்கும். அட்டைத் தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓடும்படி வெட்டச் சொல்வதையும் மறக்கக் கூடாது. உள்தாளுக்கு வெளிர் மஞ்சள் சாயல் உள்ள 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போதும்.

உரிமை விஷயத்தை ஒரு வரியில் முடிக்கலாம் என்று பார்த்தால் அதில் ஒரு கிளை இருக்கிறது. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு. அட்டை ஓவியருக்கும் அதே கணக்கு தனியாக உண்டு. உரையின் உரிமை முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டதோடு நிறுத்திவிடாமல், அட்டையின் மூலையில் ஓவியர் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவரைப் பற்றியும் விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

மிச்சம் இருப்பது முதுகு. மூலப் புத்தகம் நடுவில் கம்பித் தையல் போட்டது, அதற்கு முதுகே கிடையாது. புதுப் பதிப்பு ஓரக் குறிப்புகளோடு தடிமனாகி, ஒட்டு பைண்டிங்கில் வரும். முதுகில் தலைப்பு போட்டாக வேண்டும். அங்கே போடுவதற்கு மூலத்தில் மாதிரி இல்லை. அட்டையின் ‘சென்னை’யைச் சுருக்கி அங்கே வைத்தால் வைரப் புள்ளியும் நிழலும் கூழாகிவிடும். அதே பெயின்டரிடம் முதுகுக்கென்று நிழல் இல்லாமல், ஒற்றை நீலத்தில், தும்பிக்கையைத் தாழ்த்தி இன்னொரு ‘சென்னை’ வரைந்து வாங்கிவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். பக்க எண்ணிக்கை முடிவாகி முதுகின் அகலம் தெரிந்த பிறகுதான் அதை வரைய வேண்டும். அதுவரை அட்டையை அச்சுக்கு அனுப்பக் கூடாது.